ஒன்பது பேர் ஒன்பது விதமாகச் சொன்னால் எதைத் திருத்துவது?

கேள்வி:

குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். அறிவியல் புனைகதை நாவல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன்; சுமார் 60,000 சொற்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலுக்குள் உறங்கிக் கிடந்த வேற்றுக்கிரக ஒட்டுண்ணி ஒன்று, குளச்சல் விசைப்படகுத் தொழிலாளி ஒருவனின் உடம்புக்குள் புகுந்துகொள்கிறது. அவனை அழிக்காமல் அவனோடு சேர்ந்து வாழ்கிறது. பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் ஒன்பது பேரிடம் படிக்கக் கொடுத்தேன். “இது இசக்கி பிடிச்ச கதைதானே” என்றார் நண்பர்; இசக்கி எங்கள் பக்கத்து நாட்டார் தெய்வம். செவிலியராக இருக்கும் அக்கா, “உடம்பு இதை ரெண்டே நாள்ல தள்ளிடும், நடக்காத காரியம்” என்கிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு யார் பேசுகிறார்கள் என்றே பல இடங்களில் தெரியவில்லையாம். ஒரு கல்லூரி மாணவன், ஒட்டுண்ணி இன்னும் கொடூரமாக இருக்க வேண்டும் என்கிறான். இன்னொருவருக்கோ நாவலிலேயே பிடித்த பாத்திரம் அந்த ஒட்டுண்ணிதான். கடலுக்குப் போகும் மாமா, “ஜூன் மாசம் குளச்சல்லேருந்து எந்த விசைப்படகு போவுது?” என்று சிரித்தார். என் மனைவி 14-ஆம் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டாள்; “அந்தப் பொண்டாட்டிய நெனச்சா சரியா வரல” என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மீதி இருவர் “சூப்பர்” என்று மட்டும் செய்தி அனுப்பினார்கள். நான் யார் சொல்வதைக் கேட்பது? அத்தியாயச் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்:

ஒன்பது பேரில் ஆறு பேர் ஒரே குறையைத்தான் தொட்டிருக்கிறார்கள். இசக்கி என்றவர், செவிலியர், தமிழாசிரியர், கொடூரம் போதாது என்ற மாணவன், ஒட்டுண்ணியை விரும்பியவர், பாதியில் நிறுத்திய உங்கள் மனைவி ஆகிய ஆறு பேரும் இடறியது ஒரே இடத்தில். அந்த உடம்புக்குள் யாருக்கு எவ்வளவு உரிமை என்பதை நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

சுருக்கத்திலேயே அது தெரிகிறது. 3-ஆம் அத்தியாயத்தில் ஒட்டுண்ணி அவனுடைய வலது கையைத் தானே தூக்கி வலையை அறுக்கிறது. 6-இல் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல் அவனிடம் கெஞ்சுகிறது. 9-இல் அவன் சிறுவயது நினைவுகளை வரிசையாக ஒப்பிக்கிறது. 11-இல் “உன் அம்மா யார்?” என்று கேட்கிறது. வாசகர்கள் இந்த முரண்களை இப்படிப் பட்டியல் போட்டுத் தருவதில்லை. எங்கோ நழுவுகிறது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும். அதற்கான காரணத்தைத் தங்கள் தொழிலிலிருந்தோ ருசியிலிருந்தோ எடுத்துச் சொல்வார்கள். செவிலியர் மருத்துவக் காரணம் சொன்னதும் ஆசிரியர் மொழிக் காரணம் சொன்னதும் அதனால்தான். அவர்கள் நின்ற இடத்தை நம்புங்கள். காரணத்தையும் திருத்தத்தையும் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

மாமா சொன்னதை முதலில் தீர்த்துவிடலாம், ஏனென்றால் அது கருத்தே அல்ல, தகவல். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் இருக்கும் கிழக்குப் பக்கத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் என்பது மதுரை வாசகருக்குத் தெரியாமல் போகலாம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் வாசகர் அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். உள்ளூர் விவரத்தில் பொய் சொல்பவர் வேற்றுக்கிரக விவரத்தில் உண்மை சொல்வார் என்று யாரும் நம்ப மாட்டார்கள். திருத்தம் எளிது: தடை நாட்டுப்படகுகளுக்கு இல்லை என்பதால் அவனை வள்ளத்தில் அனுப்பலாம், அல்லது மாதத்தை மாற்றலாம். ஆனால் உங்கள் கதைக்கு மூன்றாவது வழிதான் பொருந்தும் என்பேன். மே கடைசியில் ஒட்டுண்ணி அவனுக்குள் வரட்டும். அதன் பிறகு 61 நாள் அவன் கரையில். தென்மேற்குப் பருவமழை, வீட்டுக்குள் அடைப்பு, கையில் காசு கிடையாது. இருவரும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல காலம் கிடைக்காது. இப்போது 4, 5-ஆம் அத்தியாயங்களில் கடலில் நடக்கும் துரத்தல் காட்சி போய்விடும். போகட்டும்.

இனி பெரிய வேலை. நாவலைத் தொடாதீர்கள். ஒரு தாளில், ஒரே பக்கத்துக்குள், அந்த உடம்பின் பங்கீட்டை எழுதுங்கள். அண்ணன் தம்பி வீடு பிரிக்கும்போது கிணறு யாருக்கு, நடைவழி யாருக்கு, பொதுத் தென்னையில் காய் யாருக்கு என்று பத்திரத்தில் எழுதுவார்களே, அந்தத் துல்லியம் வேண்டும். அவன் கண்ணை மூடினால் அதற்கும் இருட்டா? அவன் நினைப்பதெல்லாம் அதற்குக் கேட்குமா, வாய்க்குள் முணுமுணுத்தால்தான் கேட்குமா? அவன் தூங்கும்போது அது விழித்திருக்குமா, விழித்திருந்தால் உடம்பை எழுப்பி நடத்துமா? முள் குத்தினால் வலி யாருக்கு, குடித்தால் போதை யாருக்கு? பழைய நினைவுகளை அது நினைத்தபோது எடுத்துப் பார்க்குமா, அவன் நினைக்கும்போது மட்டும் கூடவே பார்க்குமா? அவன் செத்துப்போனால் அதற்கு எத்தனை மணி நேரம்? ஒவ்வொன்றுக்கும் பதில் ஆம், இல்லை, அல்லது ஓர் எண். ‘சில சமயம்’ என்று எழுதத் தோன்றினால், அந்தச் சில சமயம் எப்போது என்று முடிவு செய்யாமல் அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். உங்கள் கையெழுத்துப் பிரதி முழுக்க ‘சில சமயம்’தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கேள்விகளில் தலையானது ஒன்று உண்டு: ஒட்டுண்ணி பிடிப்பது தசையையா, விருப்பத்தையா? பூமியிலேயே இரண்டு விதமும் இருக்கின்றன. எறும்பைச் செடியில் ஏறவைத்து, இலை நரம்பைக் கடித்தபடி சாகவைக்கும் ஓபியோகார்டிசெப்ஸ் பூஞ்சையை ‘எறும்பின் மூளையைப் பிடிக்கும் பூஞ்சை’ என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். 2017-இல் வெளியான ஆய்வில், பூஞ்சையின் உயிரணுக்கள் எறும்பின் தசைநார்களைச் சூழ்ந்து வலைபோல் பின்னியிருந்தன. மூளைக்குள் நுழையவே இல்லை. மரகதக் குளவி என்று சொல்லப்படும் ஆம்புலெக்ஸ் இதற்கு நேர்மாறு. அது கரப்பானின் தலைக்குள் கொடுக்கை இறக்கி நஞ்சு செலுத்துகிறது. அதன் பிறகும் கரப்பானின் கால்கள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் தானாக நடக்கத் தொடங்கும் உந்துதல் போய்விடுகிறது. குளவி அதன் உணர்கொம்பைப் பிடித்து இழுக்க, அது பின்னாலேயே போகிறது.

நாவலாசிரியருக்கு இந்த இரண்டும் இரண்டு வெவ்வேறு புத்தகங்கள். தசையைப் பிடித்தால், அவனுக்கு எல்லாம் தெரியும், தடுக்கத்தான் முடியாது. பயம் அங்கிருந்து வரும். விருப்பத்தைப் பிடித்தால், தான் செய்வதெல்லாம் தன் ஆசை என்றே அவன் நம்புவான். பயப்படுவது வாசகர் மட்டும். உங்கள் 3-ஆம் அத்தியாயம் முதல் வகை, 9-ஆம் அத்தியாயம் இரண்டாம் வகை. நடுவில் மாறியதற்குக் காரணம் எந்தப் பக்கத்திலும் இல்லை. மாணவனுக்குக் கொடூரம் போதவில்லை என்று தோன்றியது இதனால்தான். அவன் கேட்கும் இரத்தத்தைச் சேர்க்காதீர்கள். தசை வகையை எடுத்துக்கொண்டு 3-ஆம் அத்தியாயத்தை அவன் மனசுக்குள்ளிருந்து எழுதினால், ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமலே அந்த மாணவன் வாயை மூடுவான்.

தசை வகைக்கே போவதென்றால் ஒரு யோசனை. வலது கையை விட்டுவிட்டு ஒட்டுண்ணிக்கு இடது கையைக் கொடுங்கள். இடது கையை ஆள்வது மூளையின் வலது பாதி. பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இடது பாதியில். மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக வெட்டப்பட்ட நோயாளிகளிடம் ரோஜர் ஸ்பெர்ரி செய்த ஆய்வுகளில் இது தெளிவானது; 1981-இல் அவருக்கு நோபல் பரிசு. அந்த நோயாளிகளில் சிலர் வலது பாதி மட்டும் பார்த்த பொருளைச் சொல்ல முடியாமல், இடது கையால் சரியாகத் தொட்டு எடுத்தார்கள். ஆக, வலது பாதியில் குடியிருக்கும் ஒட்டுண்ணிக்குக் கை உண்டு, வாய் கிடையாது. கதைக்கு இதைவிட நல்ல கட்டுப்பாடு வேண்டுமா? நம் ஊரில் இடது கைக்கு இருக்கும் விலக்கு வேறு உங்களுக்கு இலவசம். கடைக்காரரிடம் இடது கையால் காசு நீட்டுகிறான், பந்தியில் இடது கை இலைக்கு வருகிறது, பெரியவர் தரும் பிரசாதத்துக்கு இடது கை முந்துகிறது. பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், மாமியார் முதலில் கவனிப்பார். வேற்றுக்கிரகம் என்ற பேச்சே எடுக்காமல் ஊருக்குள் சந்தேகம் தொடங்கிவிடும்.

அடுத்தது சாப்பாட்டுக் கணக்கு. சேர்ந்து வாழ்வது என்றால் செலவு உண்டு. உங்கள் நாவலில் செலவே இல்லை. மனித மூளையின் எடை உடம்பில் சுமார் 2 சதவீதம், ஆனால் ஓய்வில் இருக்கும் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. சுமார் 20 வாட், அதாவது நாளொன்றுக்கு 400 கிலோகலோரி. ஒட்டுண்ணி மனிதனுக்கு நிகராக யோசிக்கிறது என்றால் அதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். கால் கிலோ மரச்சீனிக்கிழங்கு அதற்குப் போதும். அவன் கூடுதலாகச் சாப்பிடாவிட்டால்? ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கிலோகலோரி இருக்கிறது. 61 நாள் தடைக்காலத்தில் மூன்று கிலோ போல மெலிவான். பயங்கரமாக ஒன்றுமில்லை; ஆனால் வருமானமில்லாத மாதத்தில் இவன் மட்டும் ஏன் இரண்டாம் முறை சோறு கேட்கிறான், கேட்டும் ஏன் சட்டை தொளதொளவென்று ஆகிறது என்று வீட்டில் ஒருத்தி கணக்குப் பார்ப்பாள் அல்லவா? ஒட்டுண்ணியின் குணத்தையும் இங்கேயே காட்டிவிடலாம். பிள்ளைகளுக்கு இருக்கும் கிழங்கு என்று தெரிந்த பிறகும் அது பசிக்கிறது என்று சொல்கிறதா, பேசாமல் இருக்கிறதா?

ஒட்டுண்ணியைப் பிடித்திருக்கிறது என்று சொன்ன அந்த வாசகருக்கும் மாணவனுக்கும் உண்மையில் சண்டை இல்லை. முதல் ஐந்து அத்தியாயங்களில் அது ஓட்டுநர், 6 முதல் 12 வரை நண்பன், கடைசியில் கொலைகாரன். ஆளுக்கொரு பகுதியை நினைவில் வைத்துப் பேசுகிறார்கள். இயற்கையில் இந்த உறவுகள் தனித்தனி. ஓம்புயிரிடமிருந்து, அதாவது தான் குடியிருக்கும் உயிரிடமிருந்து எடுத்துக்கொண்டு, அதைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்பவை உண்டு. சாக்குலினா என்ற ஒட்டுண்ணி நண்டுக்குள் வேர்போலப் பரவி, நண்டின் அடிவயிற்று மடலுக்குக் கீழே தன் இனப்பெருக்கப் பையைத் தள்ளுகிறது. நண்டு அதைத் தன் முட்டைபோலப் பாவித்து சுத்தம் செய்து காக்கிறது. ஆண் நண்டாக இருந்தாலும் பெண் நண்டின் குணம் வந்துவிடுகிறது. வளர்ந்து முடிந்ததும் ஓம்புயிரைக் கொன்றுவிட்டு வெளியேறும் குளவிப் புழுக்களும் உண்டு. இருவருக்கும் லாபம் என்றால் அதை ஒட்டுண்ணி என்றே சொல்வதில்லை, கூட்டுயிரி என்பார்கள். உங்களுடையது ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறலாம், மாறுவதுதான் கதையும்கூட. ஆனால் அது மாறும் பக்கம் எது என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். சுருக்கத்தில் நான் தேடினேன், கிடைக்கவில்லை. அதோடு, அது எப்படி இனம் பெருக்குகிறது என்று ஒரு வரிகூட இல்லை. இனப்பெருக்கம் இல்லாத ஒட்டுண்ணிக்கு நோக்கம் இல்லை. நோக்கம் இல்லாததால்தான் கடைசி அத்தியாயத்தில் அது கொல்வது திடீரென்று வந்த புத்திமாற்றம் போலத் தெரிகிறது.

செவிலியர் அக்கா சொன்ன எதிர்ப்புசக்திக் கேள்வி நியாயமானது, ஆனால் பதிலும் இருக்கிறது. அந்நியப் பொருளை உடம்பு தள்ளிவிடும் என்பது விதி என்றால், பூமியில் உள்ள ஒட்டுண்ணிகள் அந்த விதியை ஏமாற்றியே பிழைக்கின்றன. சிஸ்டோசோம் புழு ஓம்புயிரின் மூலக்கூறுகளையே மேலே பூசிக்கொண்டு இரத்தக்குழாயில் ஒளிகிறது. யானைக்கால் நோய்ப் புழு எதிர்ப்புசக்தியை மட்டுப்படுத்திவிட்டு நிணநீர்க் குழாய்களில் 6 முதல் 8 ஆண்டு வாழ்கிறது. மூளை, கண் போன்ற இடங்களில் உடம்பின் காவல் இயல்பாகவே அடக்கமாக இருக்கும் என்பது மூன்றாவது வழி. உங்களுக்கு இரண்டாவதைப் பரிந்துரைக்கிறேன், அதற்கு விலை உண்டு என்பதால்: எதிர்ப்புசக்தியை அடக்கி வைத்தால் அவன் காலில் பட்ட சிறு காயம் ஆறாது, சளி மாதக்கணக்கில் போகாது. யானைக்கால் புழுவிடம் எடுத்துக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. அதன் குஞ்சுகள் பகலில் பெரும்பாலும் நுரையீரல் பக்கம் தங்கி, கொசு கடிக்கும் இரவு நேரத்தில் தோலை ஒட்டிய இரத்தத்துக்கு வருகின்றன. அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் அந்தப் பரிசோதனைக்கு இரவில் வந்து இரத்தம் எடுப்பார்கள். உங்கள் ஒட்டுண்ணிக்கும் ஒரு கடிகாரம் கொடுங்கள். பங்கீட்டுத் தாளில் நேரத்தைக் குறியுங்கள்.

அக்கா கேட்காத, அறிவியல் படித்த வாசகர் கட்டாயம் கேட்கும் கேள்வி வேறொன்று. பூமியின் ஒட்டுண்ணிகள் பல லட்சம் ஆண்டு ஓம்புயிரோடு சேர்ந்து பரிணமித்தவை. வேறு கிரகத்திலிருந்து வந்தது முதல் நாளே மனித நரம்பில் எப்படிப் பொருந்தும்? இதற்கான விடை உங்கள் மணலிலேயே கிடக்கிறது, நீங்கள்தான் எடுக்கவில்லை. அது நேற்று வரவில்லை. வெகுகாலமாக அங்கே இருக்கிறது, முதலில் நண்டு, பிறகு மீன், பிறகு நாய் என்று ஒவ்வோர் உடம்பாகக் கற்றுக்கொண்டே மனிதனிடம் வந்திருக்கிறது என்று வையுங்கள். மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் ஆகிய தாதுக்களோடு மோனசைட்டும் உண்டு. மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம். தோரியத்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1,405 கோடி ஆண்டு. அவசரமே இல்லாத ஓர் உயிர், மெல்லக் கசியும் அந்த ஆற்றலை நம்பி உறங்கியது என்பது புனைவுக்குத் தாங்கும். ஆனால் 2-ஆம் அத்தியாயத்தில் கதிர்வீச்சு பட்டதும் அவனுக்குப் பலம் கூடுவதை எடுத்துவிடுங்கள். அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள். இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு அதிகம்தான், அதற்காக யாருக்கும் இரும்புக் கை முளைத்துவிடவில்லை. இந்த விளக்கம் எல்லாம் சேர்ந்து அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. தொடக்கத்தில் நடக்காத ஒன்றை நம்பச் சொல்லலாம், வாசகர் இசைவார். நடுவில் இரண்டாவது ஒன்றைக் கேட்டால் இசைய மாட்டார்.

இசக்கி என்ற நண்பரின் சொல்லைக் குறை என்று எடுத்துக்கொண்டு அந்தச் சாயலை அழிக்கப் பார்க்காதீர்கள். முப்பந்தல் இசக்கியம்மன் இருக்கும் மாவட்டத்தில், கொடைவிழாவில் வில்லிசை ஏற ஏறச் சாமியாட்டம் வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள், ஓர் உடம்பில் இன்னொன்று பேசினால் வேறெதை நினைப்பார்கள்? நீங்கள் செய்ய வேண்டியது, வாசகர் நினைப்பதற்கு முன் கதைக்குள் ஒருவரை அதைச் சொல்ல வைப்பது. முதல் 40 பக்கத்துக்குள் அவன் அம்மா சொல்லட்டும். ஒரு பக்கம் மந்திரித்துக் கயிறு கட்டட்டும், இன்னொரு பக்கம் சொந்தக்காரர்கள் ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போகட்டும். இந்த மாவட்டத்தில் ஒரே குடும்பத்துக்குள் இரண்டும் நடக்கும். பேயோட்டும் சடங்குக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது: யார் என்று கேட்பார்கள், எதற்கு வந்தாய் என்பார்கள், என்ன வேண்டும் என்பார்கள், கேட்டதைக் கொடுத்தால் போய்விடும். உங்கள் ஒட்டுண்ணி மூன்று கேள்விக்கும் உண்மையான பதில் சொல்லிவிட்டு, போகச் சொல்லும்போது ‘போக முடியாது, போனால் இருவரும் செத்துப்போவோம்’ என்று சொன்னால், அந்த ஒரு காட்சியில் பேய்க்கதையும் உங்கள் கதையும் தனித்தனியாகிவிடும். ஆனால் வாய் அவனுடையது என்று முடிவு செய்திருந்தால் அது எப்படிப் பதில் சொல்லும்? இடது கையால் மணலில் எழுதட்டும்.

தமிழாசிரியருக்கு வருவோம். இதில் நேரடியான வேலைகள்தான். ஒட்டுண்ணியின் பேச்சைச் சாய்வெழுத்தில் போட்டிருக்கிறீர்கள். சாய்ந்த தமிழ் எழுத்து நான்கு வரிக்கு மேல் கண்ணை உறுத்தும். அச்சகத்தில் எழுத்துரு மாற்றும்போது சாய்வு காணாமல் போவதும் வழக்கம். போனால் உங்கள் நாவலில் யார் பேசுகிறார் என்று யாருக்குமே தெரியாது. அவன் வாய்விட்டுப் பேசுவதற்கு இரட்டை மேற்கோள்குறி, ஒட்டுண்ணி உள்ளே சொல்வதற்குக் குறி எதுவும் இல்லாமல் தனி வரி. இது போதும், கடைசிவரை மாற்றாதீர்கள். அடுத்தது, ‘நான்’ என்பதை அவனுக்கு மட்டும் வையுங்கள். ஒட்டுண்ணி தொடக்கத்தில் அவனை ‘இவன்’ என்று குறிக்கட்டும், பழகிய பின் ‘நீ’ என்று கூப்பிடட்டும், நெருங்கிய பின் அவனிடம் ‘நாம்’ என்று சொல்லட்டும். இப்போது பக்கத்துக்குப் பக்கம் நான், நாம், நாங்கள் மூன்றும் கலந்து கிடக்கின்றன. இதை ஒழுங்கு செய்தால் ஒரு காட்சியும் கிடைக்கும்: சங்கக் கூட்டத்தில் யாரோ கேட்டதற்கு அவன் வாய்தவறி “நாங்க வரல” என்கிறான். கூட யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மொழி விஷயத்தில் ஆசிரியர் சொல்லாமல் விட்ட குறை ஒன்று உண்டு. அவன் குளச்சல் பேச்சு பேசுகிறான், ஒட்டுண்ணி வானொலிச் செய்தித் தமிழ் பேசுகிறது. அது தமிழ் கற்றதே அவன் தலைக்குள்ளிருந்துதானே? அவன் பேச்சுதான் அதற்கும் வரும். வித்தியாசம் வேண்டுமென்றால் உறவுச்சொல்லில் காட்டுங்கள். ‘மக்கா’, ‘லே’, ‘அண்ணே’ எதுவும் தொடக்கத்தில் அதற்கு வராது, யாரை எப்படி அழைப்பது என்பது சொற்களைத் தெரிந்துகொண்டால் மட்டும் வருவதில்லை. முதல்முறை அது அவனை ‘மக்கா’ என்று கூப்பிடும் பக்கத்தை நன்றாக யோசித்து வையுங்கள்.

உங்கள் மனைவி நிறுத்திய இடம்தான் இந்த ஒன்பதிலும் விலை மதிப்பானது, ஏனென்றால் அத்தியாய எண்ணோடு வந்த ஒரே கருத்து அது. 14-ஆம் அத்தியாயத்தில் அவன் மனைவியோடு இருக்கும் இரவை நகைச்சுவையாக எழுதியிருக்கிறீர்கள். ஒட்டுண்ணி உள்ளிருந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவளுக்கோ அறையில் மூன்றாவது ஆள் இருப்பது தெரியாது. அது நகைச்சுவை ஆகாது. உடம்பைப் பகிர்வது என்று எழுதும்போது, பகிர ஒப்புக்கொள்ளாதவர் யார் என்று ஒவ்வோர் அத்தியாயத்திலும் பார்க்க வேண்டும், இங்கே அவள். திருமூலர் கதை நம் எல்லோருக்கும் தெரியும். இறந்துபோன இடையன் மூலனின் உடம்புக்குள் புகுந்த யோகி, மாடுகளை வீட்டில் கொண்டுசேர்த்த பின், மூலனின் மனைவி அழைத்தபோது உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகிக்கொள்கிறார். உடம்புக்குச் சொந்தக்காரன் இறந்துபோன கதையிலேயே அந்த எல்லை வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கதையில் சொந்தக்காரன் உள்ளேயே இருக்கிறான், சிக்கல் இன்னும் கூடுதல். அவன் 14-க்கு முன்பே அவளிடம் சொல்லிவிடலாம்; அல்லது சொல்லத் துணியாமல் அவளை விட்டு விலகி விலகிப் படுக்க, அவள் வேறொருத்தி என்று சந்தேகப்படலாம். இரண்டாவதில் கதை அதிகம். எப்படியானாலும் அவள் பார்வையில் ஓர் அத்தியாயமாவது வேண்டும். வீட்டில் இதை விவாதமாக்காதீர்கள். திருத்திய பிறகு அந்த 20 பக்கத்தை மட்டும் மேசையில் வையுங்கள், அவரே எடுத்தால் எடுக்கட்டும்.

‘சூப்பர்’ என்ற இருவருக்கும் நன்றி சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான்.

இரண்டாம் சுற்று வாசிப்புக்கு ஆளை மாற்றுங்கள். பழையவர்களில் தமிழாசிரியர் மட்டும் போதும். மற்றவர்கள் பழைய வடிவத்தை மனதில் வைத்தே படிப்பார்கள். புதிதாக நான்கு பேர்: அறிவியல் புனைகதை விரும்பிப் படிப்பவர் ஒருவர், அந்த வகையைத் தொட்டே இராதவர் ஒருவர், கடற்கரை ஊர்க்காரர் ஒருவர், இந்த மாவட்டமே தெரியாதவர் ஒருவர். ஐவரில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். கைப்பேசியில் படிக்கக் கொடுக்காதீர்கள். அதில் படிப்பவர் எந்தப் பக்கத்தில் நின்றார் என்று உங்களுக்குத் தெரியாது. ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும், 13 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, வலப்பக்கம் 5 செ.மீ. ஓரம், தொடர் பக்க எண். இரண்டு பாகமாகச் சுருள்கம்பி போட்டுக் கொடுங்கள்; ஒரே கட்டாகக் கொடுத்தால் படுத்துக்கொண்டு படிக்க முடியாது, படிக்காமலே கிடக்கும். மூன்று வாரம் தவணை.

‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் பாராட்டு வரும் அல்லது தீர்ப்பு வரும், இரண்டாலும் பயனில்லை. படிக்கும்போதே ஓரத்தில் மூன்று குறி போடச் சொல்லுங்கள்: திரும்பப் படிக்க வேண்டி வந்த இடத்தில் வட்டம், நம்ப முடியாத இடத்தில் பெருக்கல் குறி, புத்தகத்தைக் கீழே வைத்த இடத்தில் கோடும் தேதியும். காரணம் எழுதத் தேவையில்லை என்று சொல்லிவிடுங்கள், காரணம் யோசிக்கத் தொடங்கினால் விமர்சகர் ஆகிவிடுவார்கள். படித்து முடித்ததும் கதையை ஐந்து நிமிடக் குரல்பதிவில் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொல்ல மறந்த அத்தியாயம் எது, ஒட்டுண்ணியை ‘அது’ என்கிறார்களா ‘அவன்’ என்கிறார்களா என்று கேளுங்கள். எந்தப் பக்கத்தில் அதை ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள் என்பதைக் கேள்வி கேட்காமலே அதிலிருந்து ஊகிக்கலாம்.

குறிகளை ஒரு நோட்டில் பக்க எண் வரிசையில் சேருங்கள். ஐவரில் மூவர் ஐந்து பக்க இடைவெளிக்குள் குறி போட்டிருந்தால், என்ன குறியாக இருந்தாலும், அங்கே குறை இருக்கிறது. அநேகமாகக் குறி விழுந்த பக்கத்தில் இராது, 10 அல்லது 20 பக்கம் முன்னால் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு விதியில் இருக்கும். பங்கீட்டுத் தாளை எடுத்து ஒப்பிடுங்கள். ஒருவர் மட்டும் போட்ட பெருக்கல் குறி அவர் தொழில் சார்ந்தது என்றால் சரிபார்த்துத் திருத்துங்கள். ஒருவர் மட்டும் போட்ட வட்டத்தை விட்டுவிடலாம், வாக்கியம் பிழையாக இருந்தால் தவிர.

மூன்றாம் சுற்று வேண்டாம். அதற்குப் பிறகு வரும் கருத்துகள் நாவலைத் திருத்தாது, உங்களைக் குழப்பும். பதிப்பகத்துக்கு முதல் மூன்று அத்தியாயங்களும், முடிவையும் சேர்த்துச் சொல்லும் இரண்டு பக்கச் சுருக்கமும் அனுப்புங்கள். பங்கீட்டுத் தாளை அனுப்ப வேண்டியதில்லை. யார் என்ன சொன்னார்கள் என்றும் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை.